இனாயாத்துக்கு எப்போதும் லோ பிரஷர்

அத்தியாயம் 17

போன வாரம் மாடிப்படியில் கீரைப் பையோடு இனாயாத் சரிந்து உட்கார்ந்த இடத்தில் விட்டோம். மேல்மாடியிலிருந்து நாத்தனார் ராவியா ஓடிவந்தாள். அவள் கையில் உப்பு எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. அதில் ஒரு துண்டை இனாயாத்தின் வாயில் திணித்துவிட்டு, படியில் கூடியிருந்த அக்கம்பக்கத்தாருக்குத் தீர்ப்பை அறிவித்தாள்.

“லோ பிரஷர். இவளுக்கு எப்பவும் லோ பிரஷர்தான்.”

அக்கம்பக்கம் கலைந்தது. லோ பிரஷருக்கெல்லாம் மன்ஸூரா நகரத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை.

அந்த வீட்டில் நோய்களுக்குப் பாகப்பிரிவினை எப்போதோ முடிந்திருந்தது. ஹை பிரஷர் ஷவ்கிக்கு, லோ பிரஷர் இனாயாத்துக்கு.

ஷவ்கி அவள் கணவர். கல்வி அலுவலகத்தில் அரபு மொழிப் பாடத்துக்குத் தலைமை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பதவியை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்ட கையோடு, ரத்த அழுத்தம் பார்க்கும் மின்கருவி ஒன்றை வாங்கினார். முதல் நாளே அது பெரிய எண்ணாகக் காட்டியது. பெரிய எண் தன் தகுதிக்குப் பொருத்தம் என்று அவருக்குப் பட்டது.

டாக்டரிடம் போகவில்லை. இலக்கணத்தில் தேறாதவர்கள்தான் மருத்துவம் படிக்கப் போகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் அபிப்பிராயம். மாத்திரை கிடையாது. செம்பருத்திக் கஷாயமும் உப்பில்லாத சாப்பாடும் போதும். வேளாவேளைக்கு அவற்றைச் செய்து தர ஓர் ஆள் வேண்டுமே. ஆகவே பெண்கள் பள்ளியில் மனையியல் ஆசிரியையாக இருந்த இனாயாத், சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதுவும் மூன்று வருடமாகிறது.

இனாயாத்தின் லோ பிரஷர் அதைவிடப் பழைய சொத்து. மூத்தவன் தாமிரை வயிற்றில் சுமந்தபோது ஒரு டாக்டர் சொன்னது. தாமிர் இப்போது குவைத்தில் வழுக்கைத் தலையோடு இருக்கிறான். இடையில் அவள் கையில் யாரும் பட்டை கட்டிப் பார்க்கவில்லை. தெரிந்த விஷயத்தை எதற்குப் பார்ப்பது? தலை சுற்றினால் ஊறுகாய். கண் இருட்டினால் உப்பில் ஊறிய ஆலிவ் காய். எழுந்திருக்கவே மனம் வரவில்லை என்றால் பழைய உப்புப் பாலாடைக்கட்டி. கொஞ்ச காலமாக மூன்றும் தினசரி தேவைப்பட்டன.

இன்று திங்கட்கிழமை, ஷம்முன் நஸீம். ஊரே நதிக்கரைப் புல்லில் உட்கார்ந்து ஃபஸீக் தின்று வசந்தத்தை வரவேற்கும் நாள். ஃபஸீக்கைக் கருவாட்டுக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். உப்பில் புதைத்து, நாறும்வரை பொறுத்திருந்து, நாறியபின் கொண்டாடப்படும் மீன்.

அதற்கு முன்னால் காலைச் சடங்கு ஒன்று இருந்தது.

ஷவ்கி கம்பளி அங்கியோடு தன் நாற்காலியில் அமர்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இரண்டாவது காபி அப்போதுதான் உள்ளே போயிருந்தது. இனாயாத் அங்கியின் கைமேலேயே பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். கருவி உறுமத் தொடங்கியதும் அவரும் தொடங்கினார்.

“இந்த நாட்டில் மொழி எங்கே சென்றுகொண்டிருக்கிறது, இனாயாத்? நேற்று ஒரு செய்தி வாசிப்பவள், வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரியாமல், நடுத்தெருவில் நின்ற கழுதைபோல் நின்றாள். நான் பதவியில் இருந்திருந்தால்…”

கருவி ஓடும்போது அவர் பேசாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லும் மணி அது என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

“எவ்வளவு?”

“நூத்தி அறுபத்திரண்டு.”

ஷவ்கி கண்களை மூடித் தலையசைத்தார். முதல் வகுப்பில் தேறியவரின் அடக்கம் அதில் இருந்தது.

“இருந்தாலும் திருநாளில் குடும்பத்தை ஏமாற்ற மாட்டேன். வருகிறேன். மீனைப் பார்ப்பேன். உண்ண மாட்டேன்.”

ராவியா வந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் மீன் வாசனை வந்துவிட்டது.

“அடியே இனாயாத், உனக்குன்னே பார்த்துப் பார்த்து எடுத்தேன். சினை மீனு. ரெண்டு வாய் தின்னா போதும், பிரஷர் ஜம்முனு மேல வந்துடும்.”

“எனக்குப் பசியே இல்ல, ராவியா அக்கா.”

“யாருடி பசிக்குத் திங்கச் சொன்னா? மருந்தா நினைச்சுக்கோ.”

இனாயாத் தலையாட்டினாள். பதில் சொல்வதைவிட அது சுலபம். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி ஒரு செருப்பில் காலை நுழைத்ததும், இன்னொரு செருப்பு வேறு இருக்கிறதே என்று அலுப்பாக வரும் அவளுக்கு. இதைப் போய் யாரிடம் சொல்வது? ஒரு செருப்புக்காகத் துக்கப்படுகிறவளைப் பற்றி ராவியா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். ஊறுகாய் ஜாடியைத் திறப்பாள்.

*

நதிக்கரைப் பூங்காவின் வாசலில் வெள்ளைக் கூடாரம் ஒன்று போட்டிருந்தார்கள். ‘மீனுக்கு முன் பிரஷர் பாருங்கள். இலவசம்’ என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. உள்ளே நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு டாக்டரம்மா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் ஸாஃபினாஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

கூடாரத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். பத்துப் பேர் நிற்கும் இடத்தை ஷவ்கியால் கடந்து போக முடியாது.

“அம்மையீர், நான் உயர் அழுத்த நோயாளி. மூன்றாண்டுகளாகத் தாங்கி வருகிறேன். என்னை அளப்பது தங்கள் கருவிக்கு ஒரு சோதனையாக இருக்கும்.”

“உட்காருங்க, உஸ்தாத். காலைக் கீழ போடுங்க.”

“எனக்கு இப்படி அமர்வதுதான் வழக்கம்.”

“அதனாலதான் சொல்றேன். அங்கிய கழட்டிட்டு சட்டைக் கைய மேல ஏத்துங்க. துணி மேல கட்டினா துணிக்குத்தான் பிரஷர் பார்க்க முடியும்.”

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். ஷவ்கி கையை ஏற்றிக்கொண்டார்.

“காபி குடிச்சீங்களா?”

“காலையில். இப்போது நண்பகல் ஆகப்போகிறது.”

“சரி. அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க.”

“ஐந்து நிமிடமா? எதற்காக?”

“பேசிட்டீங்க. மறுபடி முதல்லேருந்து.”

மூன்றாவது தடவைதான் அவருக்குக் கைகூடியது. தம்பியின் வாய் மூடியிருப்பதைக் கண்டு ராவியா பதறி அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள். இனாயாத்துக்கு நதியில் போகும் படகின் மோட்டார் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவர் விழித்திருக்கும்போது வேறு சத்தம் எதுவும் அவள் காதில் விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது.

“நூத்தி இருபத்தாறு, கீழ எழுபத்தெட்டு,” என்றாள் டாக்டர். “நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கு என்றால்?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

ஒன்றும் இல்லை. ஓய்வுபெற்ற மறுநாள் அலுவலகத்துக்குப் போய், தான் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது கடைசியாக அந்தச் சொல்லைக் கேட்டிருந்தார். முகம் அப்போது சுருங்கியது போலவே இப்போதும் சுருங்கியது. இனாயாத் அதைக் கவனித்தாள். பரிதாபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. மூன்று வருட விடுப்பு, உப்பில்லாத பானைகள் எல்லாம் நினைவில் வந்து, வரிசையில் நிற்பவர்களைப் போலச் சும்மா நின்றன.

“கருவி பழுது,” என்றார் ஷவ்கி.

“காலையில இருந்து ஊருக்கே பார்த்துட்டு இருக்கேன்.”

“ஊருக்கே தவறாகப் பார்த்திருக்கிறீர்கள். இப்போதே நிரூபிக்கிறேன். இனாயாத், இங்கே வா. இவள் என் மனைவி. நூறைத் தாண்டியதே கிடையாது. உங்கள் கருவி என்ன உளறுகிறது என்று பார்ப்போம்.”

“ஆமா டாக்டரம்மா,” என்றாள் ராவியா. “இவளுக்கு ஜென்ம லோ.”

தராசைச் சரிபார்க்க எடுத்து வைக்கும் படிக்கல்லைப் போல இனாயாத் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை ஏற்றினாள். ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னபோது அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. நல்ல பயிற்சி இருந்தது.

பட்டை இறுகியது. தளர்ந்தது. டாக்டர் எண்ணைப் பார்த்தாள். பிறகு இனாயாத்தைப் பார்த்தாள்.

“நூத்தி எண்பத்தெட்டு, கீழ நூத்திப் பன்னிரண்டு.”

“கேட்டீர்களா,” என்று ஷவ்கி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இழந்த பதவி திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது அவர் நிற்கும் விதம். “கேட்டீர்களா. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? கருவி பழுது.”

டாக்டர் பையிலிருந்து காற்றடிக்கும் பழைய கருவியை எடுத்தாள். காதில் குழாயை மாட்டிக்கொண்டு ஒரு கையில் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறு கையில் பார்த்தாள். குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“ரெண்டு கருவி, ரெண்டு கை. எல்லாம் சேர்ந்து உங்க வீட்டம்மாவுக்கு எதிரா சதி பண்ணுதா, உஸ்தாத்?”

“இது இயற்கைக்கே முரண்,” என்றார் ஷவ்கி. சுதி கொஞ்சம் இறங்கியிருந்தது. “ஆண் தன் துயரத்தை உள்ளே அடக்குகிறான். அது ரத்தத்தில் ஏறுகிறது. பெண் அழுது தீர்த்துவிடுகிறாள். அழுத்தம் வடிந்துவிடுகிறது. இது நான் நெடுநாள் சிந்தித்துக் கண்ட உண்மை.”

“அழுதா பிரஷர் வடியும்னா எங்க வார்டுல பாதிப் பொம்பளைங்களை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்,” என்றாள் டாக்டர். “எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

வெளியே நின்றார்கள். ஷவ்கி கூடாரத் துணியில் இருந்த எழுத்துகளில் பிழை தேடுவது தெரிந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“நெஞ்சு வலி, கண்ணு மங்கல், கை கால் மரத்துப்போறது?”

“அதெல்லாம் இல்ல. பின்மண்டையில வலி இருக்கும். தலை சுத்தும். ஊறுகாய் கொடுப்பாங்க.”

“எதுக்கு?”

“லோ பிரஷருக்கு.”

டாக்டர் ஒரு விதையை வாயில் போட்டு, அதைக் கடிக்காமல் வைத்திருந்தாள்.

“தூக்கம்?”

“விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும்.”

“அழுகை வருமா?”

“முன்னாடி வந்தது. இப்ப அதுவும் வர்றதில்ல.”

“காலையில கண்ணு முழிச்சதும், இன்னொரு நாள் வந்துடுச்சேன்னு அலுப்பா இருக்குமா?”

இனாயாத் யோசித்தாள்.

“அது எல்லாருக்கும் இருக்காதா?”

டாக்டர் விதைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

“இல்ல மதாம். எல்லாருக்கும் இருக்காது.”

இனாயாத்துக்கு இது புதுத் தகவல். வெளியே பார்த்தாள். பலூன்காரர், வெங்காயத்தாளைக் கட்டாகத் தூக்கிப்போகும் ஒரு பெண், தகராறு பண்ணிக்கொண்டே நடக்கும் ஒரு குடும்பம். இவர்களெல்லாம் காலையில் சாதாரணமாகவா எழுந்து வந்திருக்கிறார்கள்? இரண்டு செருப்பையும் யோசிக்காமல் மாட்டிக்கொண்டா?

“மனசு சோர்ந்து கிடக்கறதும் பிரஷரும் சேர்ந்து வர்றது ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்ககிட்ட அதிகம்னு சில ஆய்வு சொல்லுது,” என்றாள் டாக்டர். “எல்லா ஆய்வும் ஒத்துக்கல. உங்க விஷயத்துல எது எதைக் கூட்டிட்டு வந்ததுன்னு கூடாரத்துல உட்கார்ந்து நான் சொன்னா அது ஜோசியம். ரெண்டையும் பார்க்கணும், ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் பார்க்கக் கூடாது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க. அங்க என் பேரச் சொல்லுங்க. இன்னிக்கு மீன் கிடையாது, ஊறுகாய் கிடையாது. நெஞ்சு வலிச்சாலோ, கண்ணு மறைச்சாலோ, பேச்சு குழறினாலோ நாளைக்குன்னு இருக்காதீங்க, அப்பவே வந்துடுங்க.”

“சரி.”

“தனியா வாங்க.”

“தனியாவா?”

“இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அதைக் கேக்கும்போது உஸ்தாத் பக்கத்துல வேண்டாம்.”

*

மரத்தடியில் பாய் விரித்தாகிவிட்டது. ராவியா பொட்டலத்தைப் பிரித்தாள். சுற்றுப்பட்ட பாய்களில் இருந்தவர்கள் மூக்கால் முகர்ந்து மரியாதையாகத் தலையசைத்தார்கள். ரொட்டி, வெங்காயத்தாள், கீரை, சாயம் பூசிய முட்டைகள். ஷவ்கிக்கு முன்னால் உப்பில்லாத பாலாடைக்கட்டி மட்டும், வெள்ளையாக, ஒரு தண்டனையைப் போல இருந்தது.

கூடாரத்திலிருந்து மரத்தடிக்கு வருவதற்குள் அக்காவும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

“ஓசிக் கூடாரம்,” என்றாள் ராவியா. சினையிருந்த துண்டாகப் பார்த்து எடுத்து இனாயாத்தின் தட்டில் வைத்தாள். “ஓசியில கொடுக்கறதுக்கு எவன் நல்ல மெஷின் வைப்பான்? முப்பது வருஷமா லோவா இருந்தது ஒரே நாள்ல எப்படிடி ஹை ஆகும்? சாப்பிடு.”

“டாக்டர் வேண்டாம்னாங்க, அக்கா.”

“அவ விதையத் தின்னுக்கிட்டே வைத்தியம் பாக்குறா.”

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

ஷவ்கி தொண்டையைச் செருமினார்.

“அது சாத்தியமில்லை, இனாயாத். என் அழுத்தம் இருக்கும் நிலையில் வீட்டில் ஆளில்லாமல் இருப்பது விவேகமாகாது. காலையில் நீயே பார்த்தாய், நூற்று அறுபத்திரண்டு. உனக்கு வெறும் தலைசுற்றல். மீனை உண். சரியாகிவிடும்.”

இனாயாத் தட்டைப் பார்த்தாள். மீன் ஈரமாக மின்னியது. அதைத் தின்றுவிட்டால் பேச்சு முடிந்துவிடும். நாளை காலை அவர் நாற்காலியில் உட்காருவார், அவள் பட்டையைக் கட்டுவாள், மொழி எங்கே போகிறது என்று அவர் கேட்பார். விடியுமுன் விழிப்பு வரும். செருப்பு இரண்டும் கட்டிலடியில் இருக்கும். எல்லாருக்கும் இருக்காது என்று டாக்டர் சொன்னது மட்டும் தொண்டையில் முள்ளைப் போல நின்றது.

தட்டை எடுத்து ஷவ்கியின் முன் வைத்தாள்.

“நீங்க சாப்பிடுங்க, அபூ தாமிர்,” என்றாள், தாமிரின் அப்பா என்றே அவரைக் கூப்பிடும் வழக்கப்படி.

“நானா? உப்பு.”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னாங்களே. அந்த மெஷின் பழுதுன்னா தொடாதீங்க. சரியான மெஷின்னா சாப்பிடுங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பும் இல்லை. பாடம் நடத்தும்போது அடுப்பை அணைக்கச் சொல்வாளே, அந்தக் குரல்.

ஷவ்கி மீனைப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது. மூன்று வசந்தங்களாக அவர் அதை இந்தத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். காற்று நதிப் பக்கமிருந்து அடித்து, வாசனையை நேராக அவர் மூக்குக்குக் கொண்டுவந்தது.

“ஓர் ஆய்வின் பொருட்டு,” என்றார், “ஒரு சிறு விள்ளல் மட்டும்…”

ரொட்டியைக் கிழித்தார். ஒரு விள்ளல் போனது. கண் மூடியது. இன்னொன்று போனது.

“தம்பி, உன் பிரஷரு…” என்று ராவியா இழுத்தாள்.

“சும்மா இரு அக்கா. அந்த வெங்காயத்தைக் கொஞ்சம் இப்படித் தள்ளு.”

இலக்கணம் எல்லாம் எங்கோ போயிருந்தது. முள் மட்டும் மிஞ்சும்வரை அவர் நிமிரவில்லை. ராவியா ஒருமுறை தம்பியைப் பார்த்தாள், ஒருமுறை இனாயாத்தைப் பார்த்தாள். பிறகு ஊறுகாய் ஜாடியை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தி மூடியைத் திருகி வைத்தாள். கணக்கு அவளுக்கும் புரிந்திருந்தது.

இனாயாத் நீலச் சாயம் பூசிய முட்டை ஒன்றை உரித்து உப்பில்லாமல் தின்றாள். மூன்று வருடமாக அடுத்தவருக்குச் செய்துபோட்ட ருசி. பரவாயில்லாமல்தான் இருந்தது.

“நாளைக்கு நான் தனியா போறேன்,” என்றாள்.

ஷவ்கியின் வாய் நிறைய ரொட்டி இருந்தது. தலையை மட்டும்தான் அசைக்க முடிந்தது. எந்தப் பக்கம் அசைத்தார் என்று அவள் பார்க்கவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் இன்னும் வெயில் இருந்தது. ஷவ்கி முகம் கழுவி, கம்பளி அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார்.

“மீனுக்குப் பின் என் நிலை என்ன என்று பார்த்துவிடுவோம்,” என்றவர் நின்றார்.

அவருடைய நாற்காலியில் இனாயாத் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதங்களும் தரையில் இருந்தன. உடையின் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டு, பட்டையைத் தானே சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கருவி வேறொருவர் கையில் ஏறியது அதுதான் முதல் தடவை.

எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஷவ்கி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, முப்பது வருடத்தில் அவள் அதிகம் கேட்டிராத தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அந்த டாக்டர் உன்கிட்ட தனியா என்ன கேட்டா?”

“ஒரு கேள்விய பாக்கி வெச்சிருக்காங்க. நாளைக்குத்தான் தெரியும்.”

“என்ன கேள்வியா இருக்கும்? என்னைப் பத்தியா?”

பொத்தானை அழுத்தினாள். கருவி உறுமத் தொடங்கியது.

“பேசாதீங்க,” என்றாள் இனாயாத். “எண் தப்பா வரும்.”

ஷவ்கி வாயை மூடிக்கொண்டார். மீனின் உப்பு உள்ளே வேலையைத் தொடங்கியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தார். அவள் கையில் பட்டை இறுகிக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டு, தேடப் போனார்.